எஸ்ஸுக்குப் பின்னால்

பார்த்த பிறகு இது பதினோராவது. கருணாம்பாள் அந்தச் சட்டையை ஒரு உதறு உதறி, வெள்ளை மேசைமேல் விரித்து, கழுத்தைப் பார்த்து, தோளைப் பார்த்து, கைகளைத் திருப்பி, ஓரத்தில் நீண்ட பிசிறை வெட்டி, நெஞ்சில் இருந்த எழுத்தைப் பார்க்காதவள் போலப் பார்த்து, வலது பக்கக் குவியலில் வைத்தாள். வலது பக்கம் என்றால் பாஸ். அங்கிருந்து அயர்ன் மேசைக்குப் போகும், அயர்னிலிருந்து பாலித்தீன் உறைக்கு, உறையிலிருந்து அட்டைப்பெட்டிக்கு, மூன்று மணிக்கு வேன் வந்து நின்றால் திருப்பூரை விட்டே போய்விடும். இடது பக்கம் என்றால் ஆல்ட்டர். பிழையுள்ளது, திருத்த வேண்டியது. இடது பக்கத்தில் காலையிலிருந்து ஆறு கிடந்தன. எண்ணெய்க் கறை ஒன்று, தையல் விட்டது இரண்டு, துணியில் ஓட்டை மூன்று. ஓட்டையும் கறையும் யார் கண்ணுக்கும் தெரியும், அவற்றை எடுத்துப் போடுவதற்குத் தைரியம் தேவையில்லை. இதற்குத் தேவையாக இருந்தது. ரோஸ் நிறச் சட்டை, எட்டு வயதுப் பெண்பிள்ளைகளின் அளவு, நெஞ்சில் வெள்ளையாக இங்கிலீஷில் சிஸ்டர்ஸ் கிளப் என்று அச்சு. சிஸ்டர்ஸின் கடைசி எழுத்தான எஸ்ஸுக்குப் பின்னால், தலைக்கு மேலே, ஒரு கமா தொங்க வேண்டும். நொய்யரிசி அளவுதான் இருக்கும். நேற்றுப் பார்த்த சட்டைகளில் அது அங்கேதான் தொங்கிற்று. இன்றைக்கு ஓரெழுத்து முன்னால் நகர்ந்து, ஆருக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. எப்போது நகர்ந்தது? எட்டரை மணியிலிருந்து இருநூறுக்கு மேல் பாஸ் செய்திருக்கிறாள், அதில் எதில் எங்கே இருந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. பத்து முப்பத்தைந்துக்குத்தான் கண்ணில் பட்டது. பட்டதும் கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கை தன் பாட்டுக்கு அடுத்ததை இழுத்தது, உதறியது, வைத்தது. அவள் கேட்காமலே மனசு மட்டும் பழைய எண்ணிக்கையை அப்படியே விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து புதிதாக எண்ண ஆரம்பித்திருந்தது. தெரியாமல் விட்டது ஒரு கணக்கு, தெரிந்து விட்டது இன்னொரு கணக்கு. பன்னிரண்டு.

பதினாறில் டீ மணி அடித்தது. எல்லோரும் ஜன்னல் பக்கம் போனார்கள். கருணாம்பாள் தூணுக்குப் போனாள். தூணில் ஓர் ஆணியில், பாலித்தீன் உறைக்குள், சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் பார்த்து ஒப்புக்கொண்ட சட்டை மாட்டியிருந்தது; கூடவே கையெழுத்துப் போட்ட அட்டை. மெர்ச்சண்டைசர் ஹேமலதாவைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. பையரிடம் மெயிலில் பேசி, இந்த ஆர்டரை ஆரம்பத்திலிருந்து நடத்துகிற பெண் அவள்தான். கருணாம்பாள் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு உறையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். எஸ், அதற்குப் பின்னால் கமா. தெளிவாக இருந்தது. ஒரு முறை கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். அப்போதும் எஸ்ஸுக்குப் பின்னால்தான். "ஏனுங்க்கா, டீ ஆறுது. தூண்ல என்ன கல்வெட்டா படிக்கறீங்?" என்றாள் பக்கத்து மேசைச் சிந்தாமணி. "ஒண்ணுமில்ல சாமி, சும்மா," என்று கருணாம்பாள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். சிந்தாமணியிடம் சொல்லலாம். சிந்தாமணி சிரிப்பாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு வந்த புதிதில் ஒரு தடவை சிரித்தாள், அதை இன்னும் விடவில்லை. அன்றைக்கு லேபிள் கட்டுகளை அடுக்கும்போது மென் என்று இருந்தது, அப்புறம் ஒரு கமா, அப்புறம் எஸ். பாய் என்று இருந்தது, அதிலும் கமா, எஸ். கருணாம்பாள் எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டத் தெரியும். பேருக்குப் பின்னால் தனியாக ஓரெழுத்து நின்றால் அது அப்பன் பெயரின் முதலெழுத்து என்பதும் தெரியும். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் அப்படித்தானே இருந்தது. "ஏஞ் சிந்தாமணி, இவியளுக்கெல்லாம் ஒரே அப்பனா? எல்லாத்துக்கும் எஸ்ஸுன்னே இனிஷியல் இருக்குது?" என்று கேட்டுவிட்டாள். "ஆமாங்க்கா. அப்பன் பேரு சுப்பரமணி. வெள்ளைக்காரச் சுப்பரமணி," என்றாள் சிந்தாமணி, மேசை மேசையாக அது ஓடிற்று. அன்றிலிருந்து எந்த லேபிளில் எஸ் வந்தாலும் யாராவது ஒருத்தி சுப்பரமணி வந்துட்டாருங்க என்பாள். அது வலிக்கவில்லை. சிரிப்புத்தான். தெரியாமல் கேட்டால் சிரிப்பார்கள், அதில் ஒன்றுமில்லை. தெரிந்துவிட்டது என்று நினைத்துப் பேசி, தப்பாகப் போனால்தான் ஆகாது.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. கிட்ஸ் சட்டை வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். மஞ்சள் துணி, முதுகில் பெரிதாக கிட்ஸ் என்று நீல அச்சு, எஸ்ஸுக்குப் பக்கத்தில் எங்கும் கமா இல்லை. அதற்குள் அவள் எட்டு வருஷம் எழுத்துகளைப் பார்த்துப் பழகியிருந்தாள். மென்ஸுக்கு உண்டு, பாய்ஸுக்கு உண்டு, கிட்ஸுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? அச்சில் விட்டுப்போயிருக்கிறது. எழுந்து நேராகப் போய், செக்கிங் சூப்பர்வைசர் மோகனசுந்தரத்திடம் சொன்னாள். சொல்லும்போது நெஞ்சு பெருமையில் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது என்பதை இன்று நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. அவர் நம்பினார். பேக்கிங்கை நிறுத்தினார். மெயில் போயிற்று. வெளிநாட்டில் இன்னும் விடியவில்லை, அரை நாள் அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் பதில் வந்தது. மோகனசுந்தரம் அதை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் படித்தார்: கிட்ஸ் என்றால் பிள்ளைகள், அவ்வளவுதான், இதில் யாருடையதும் எதுவும் இல்லை, கமா வேண்டாம். படித்துவிட்டு மடித்து, "கமாக்கா, இனி உங்களைக் கேக்காம வெள்ளைக்காரன் வாயத் தெறக்க மாட்டான் போங்க," என்றார். அன்றிலிருந்து அவள் கமாக்கா. கேன்டீனில், வேனில், சம்பளம் வாங்கும் வரிசையில், எல்லா இடத்திலும் கமாக்கா. போன மாதம் மீட்டிங்கில் அவர் வேறொன்று சொன்னார்: பொங்கலுக்கு மேல் அறுபது தாண்டிய செக்கர்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள், கண் பார்வை, கை வேகம், தொந்தரவு எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தொந்தரவு என்கிறபோது அவர் இவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதைத்தான் அவள் பார்த்தாள். அவளுக்கு அறுபத்தொன்று. இன்னொரு தடவை எழுந்து நின்று கமா என்று வாயைத் திறந்து, அதுவும் தப்பு என்று ஆகிவிட்டால், பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. முப்பத்தெட்டு.

இது தப்புத்தானா என்பதே முதலில் நிச்சயமா? தூணில் ஒன்று, மேசையில் ஒன்று, இரண்டும் வேறு வேறு என்பது நிச்சயம். ஆனால் தூணில் இருப்பது பழையதாகவும் இருக்கலாம். பையர் மனம் மாறி, மாற்றிக் கேட்டிருக்கலாம். ஹேமலதா திருத்தியிருக்கலாம். அந்தப் பெண் காலேஜில் இங்கிலீஷ் படித்தவள், ஃபோனில் அவர்களிடம் மூச்சு விடாமல் பேசுகிறவள். மாற்றியிருந்தால் தூணில் புதிய சட்டை மாட்டியிருப்பாளே. மறந்திருப்பாள். அவள் மறக்கிறவள் இல்லை. அப்படியே பார்த்தாலும், இந்தச் சட்டையைப் போடப்போவது ஒரு பெண்தானே, ஒரு சட்டைக்குள் இரண்டு பேர் நுழைய முடியாதே, அப்போது ஒருத்தியுடையது என்று இருப்பதில் என்ன தப்பு? சட்டை ஒருத்தியுடையதுதான். எழுதியிருப்பது சட்டையைப் பற்றி இல்லை, கிளப்பைப் பற்றி. கிளப் என்றால் பல பேர் சேர்வது. அக்கா தங்கைகள் சேர்ந்து வைத்துக்கொண்டது. ஒரே ஒருத்தி இருந்துகொண்டு அதைக் கிளப் என்றால், பாவம், அவள் யாருடன் பேசுவாள்? சரி, தப்புத்தான். தப்பு என்றே வைத்துக்கொள். எழுந்து போய் என்ன சொல்வது? வாயால் சொன்னால் இரண்டும் ஒன்று. சிஸ்டர்ஸ் கிளப். சிஸ்டர்ஸ் கிளப். நாக்கை எப்படி மடக்கினாலும் அந்தக் கமாவைச் சத்தத்தில் கொண்டுவர முடியாது. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. அக்கா வீடு என்றால் ஒருத்தி வீடு, அக்காமார் வீடு என்றால் பல பேர் வீடு, என்ற வீடு என்றால் என்னுடையது, உன்ற வீடு என்றால் உன்னுடையது, எல்லாம் வாயிலேயே இருக்கிறது, காது கேட்டால் போதும். இது கண்ணுக்கு மட்டும் தெரிகிற வித்தியாசம், கண்ணும் கொஞ்சம் கெட்ட கண்ணாக இருக்க வேண்டும். பேசத் தெரியாத ஒருத்தி, பேச்சில் இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு போய், பேசிப் பேசியே வாழ்கிறவர்கள் முன்னால் நிற்பதா? நாற்பத்தேழு. அயர்ன் மேசையிலிருந்து ஆவி வந்து முகத்தில் அடித்தது, ஈரத் துணியும் சூடும் கலந்த வாடை.

நாற்பத்தொன்பதில் ஹேமலதாவே வந்தாள். ஃபோன் காதுக்கும் தோளுக்கும் நடுவில், கையில் பேக்கிங் லிஸ்ட், மூக்குக் கண்ணாடி நழுவி நுனியில் நின்றது. மேசை மேசையாகக் கடந்து வந்தவள் இவள் மேசைமுன் நின்றாள். நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை, அந்தப் பெண்ணுக்கு இவள்மேல் ஒரு பிரியம், அவ்வளவுதான். "கருணாம்மா, எல்லாம் ஓகேவா?" இப்போது. இப்போது சொன்னால் போதும். சட்டை மேசைமேல் விரிந்துதான் கிடந்தது, விரலை அந்த இடத்தில் வைத்தால் போதும், வாய்கூட வேண்டாம். விரல் எழுந்தது. எழுந்த விரல் ஒரு பிசிறைத் தேடிப் பிடித்தது. "ஓகேங்க கண்ணு." யார் சொன்னது? அவள் குரல்தான். ஹேமலதா சிரித்துவிட்டுப் போனாள், ஃபோனில் மறுபடி யெஸ் யெஸ் என்றாள். கருணாம்பாளுக்கு அந்தக் குரலைத் தெரியும். அது அவளுக்குள் தனியாக ஒரு பெட்டியில் இருக்கிறது, தேவைப்படும்போது அதுவே திறந்துகொள்கிறது. கோயிலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், யாராவது அவள் வீட்டுக்காரர் குப்புசாமியிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்பார்கள். "ஒரே புள்ளைங்க எங்களுக்கு. கட்டிக் குடுத்தாச்சு," என்பார் அவர். கேட்டவர்கள் இவள் பக்கம் திரும்புவார்கள், அப்போது பெட்டி திறக்கும். ஆமாங்க. ஐம்பது. ஐம்பத்தொன்று. ஹேமலதா கேட்டபோதாவது சொல்லியிருந்தால் நாற்பத்தொன்பதோடு நின்றிருக்கும். டீக்கு முன்னால் சொல்லியிருந்தால் பதினாறு. ஒவ்வொன்றும் போகப் போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. ஏனென்றால் இனிமேல் சொல்ல வேண்டியது கமாவைப் பற்றி மட்டும் இல்லை. இத்தனை நேரம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு வழி உண்டு. இப்பத்தான் பார்த்தேன் என்று சொல்லலாம். யார் கண்டார்கள்? எண்ணிக்கை அவள் மண்டைக்குள் மட்டும்தான் ஓடுகிறது, எந்த நோட்டிலும் இல்லை. இப்பத்தான் என்ற ஒரு சொல் போதும், ஐம்பத்தொன்றும் காற்றோடு போய்விடும். அது நல்ல யோசனையாக இருந்தது. நல்ல யோசனையாக இருந்ததால்தான் இன்னும் பத்துச் சட்டைகள் நிம்மதியாக வலது பக்கம் போயின. எப்போது வேண்டுமானாலும் இப்பத்தான் என்று சொல்லலாமே, அதற்கென்ன அவசரம்?

எழுபது. எண்பது. உண்மையில் இந்த விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் தொல்லை. மைதிலி சொல்லியிருக்கிறாள். மூத்தவள் மைதிலி, இளையவள் சுகந்தி. மைதிலி பிளஸ் டூ படிக்கும்போது காலையில் அடுப்படியில் வந்து நின்றுகொண்டு ஒப்பிப்பாள். கேட்பதற்கு ஆள் வேண்டும், புரிய வேண்டும் என்றில்லை. "அம்மா கேளு. ஒருத்தருதுன்னா எஸ்ஸுக்கு முன்னால. பல பேருதுன்னா எஸ்ஸுக்குப் பின்னால. சும்மா எண்ணிக்கைக்குன்னா ஒண்ணுமே வேண்டாம்." பால் பொங்கிக்கொண்டிருந்தது. கருணாம்பாள் ம்ம் என்றாள். "எங்க, நீ சொல்லு பாக்கலாம்." "போடி, பால் பொங்குது." கிட்ஸ் சட்டையில் அவமானப்பட்டு, வேனில் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து வீட்டுக்குப் போகிற வழியில்தான் அந்தக் குரல் முழுசாகக் காதுக்கு வந்தது, அத்தனை வருஷம் கழித்து, ஒரு சொல் குறையாமல். சும்மா எண்ணிக்கைக்குன்னா ஒண்ணுமே வேண்டாம். அடிப்பாவி, இதை அன்றைக்கே கேட்டிருக்கக் கூடாதா என்று தன்னையே வைதுகொண்டாள். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் மைதிலி வீட்டில் இல்லை. அவள் போய் அப்போதே பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சாயப்பட்டறையில் வேலை பார்த்த பையன், நல்ல பையன்தான், வேறு ஆட்கள். ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனவள் ஈரோட்டில் மாலை மாற்றிக்கொண்டாள். குப்புசாமி கத்தவில்லை, அடிக்கவில்லை. ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெயரை நீக்கிவிட்டு வந்தார். வந்து, "இனி இந்த ஊட்ல மூணு பேரு," என்றார். அன்றைக்கு அவள் மூன்று தட்டு வைத்தாள். கை தன் பாட்டுக்கு நாலாவதை எடுத்தது, திரும்ப வைத்தது. மைதிலிக்கு இப்போது பிள்ளை உண்டு என்று யாரோ சொன்னார்கள். ஒன்றா இரண்டா என்று சொல்லவில்லை. வேனில் எத்தனை பேர், கூரையில் எத்தனை டியூப் லைட், கேன்டீன் வரைக்கும் எத்தனை படி, எல்லாம் அவளுக்குத் தெரியும், முப்பத்தாறு படி, நாற்பத்துநாலு டியூப் லைட், அதில் மூன்று எரியாதவை. தன் பேரப்பிள்ளைகள் எத்தனை என்று தெரியாது. நூற்றுப் பதினாறு. மணி பன்னிரண்டு.

பன்னிரண்டுக்கு மேல் நேரம் வேகமாக ஓடியது. பேக்கிங் பக்கம் டேப் ஒட்டுகிற சத்தம் சர்சர்ரென்று வந்தது, ஒவ்வொரு சர்ருக்கும் ஒரு பெட்டி மூடியது. மூடிய பெட்டியைத் திறக்கச் சொல்வது மூடாத பெட்டியை நிறுத்தச் சொல்வது மாதிரி இல்லை. சொன்னால் திட்டுவார்கள், சொல்லாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, பெட்டி கப்பல் ஏறி அங்கே போய்த் திறந்த பிறகுதான், அப்போது அந்தப் பெண் ஹேமலதா ஃபோனில் யெஸ் யெஸ் என்று சொல்ல முடியாமல் நிற்பாள். அவள் தனியாகப் பார்க்கிற முதல் ஆர்டர் இது. அதற்காக? அதற்காகவும்தான். ஆனால் அதற்காக மட்டும் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளாது. நூற்றைம்பத்திரண்டு. சட்டையை விரித்தாள். கமா. அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள், அச்சு உரியவில்லை, நல்ல அச்சு. பார்க்கப் பார்க்க அது கமாவாகத் தெரியவில்லை, ஒரு எழுத்தின் தலையில் கிள்ளிய தடமாகத் தெரிந்தது. சுகந்தி கல்யாணப் பத்திரிகையின் புரூஃபும் இப்படித்தான் மேசைமேல் விரிந்து கிடந்தது. பிரஸ்காரர் பென்சிலோடு கொண்டுவந்து தந்தார், "அக்கா கண்ணு பட்டாப் போதுங்க, ஒரு பிழை தப்பாது," என்றார். தப்பவில்லை. மாப்பிள்ளையின் தாத்தா பேரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, வைத்தாள். மண்டபத்தின் பேரில் ஒற்று ஒன்று அதிகமாக இருந்தது, அடித்தாள். முகூர்த்த நேரத்தில் ஒன்பது ஆறாகியிருந்தது, திருத்தினாள். நடுவில், பெரிய எழுத்தில், எங்கள் ஏக புத்திரி திருவளர்ச்செல்வி சுகந்தி என்றிருந்தது. ஏக புத்திரி. கனிஷ்ட புத்திரி என்று இருக்க வேண்டும். இளையவள் என்று ஒரு சொல் இருந்தால் மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று கேட்காமலே தெரியும். பேர்கூடப் போட வேண்டியதில்லை. பென்சில் அந்தச் சொல்லுக்கு மேலே நின்றது. குப்புசாமி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றது? எண்ணவில்லை. அதை எண்ணவில்லை. பிறகு பென்சிலைக் காகிதத்தின் அடியில் கொண்டுபோய், எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுநூற்றைம்பது பத்திரிகை அடித்து வந்தது. புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பிரஸ்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு பிழை இல்லாத பத்திரிகைங்க என்று.

நூற்றுத் தொண்ணூறு. இருநூறு. தண்ணீர் குடிக்கலாம், எழுந்தால் குடிக்கலாம், எழவில்லை. சாப்பாட்டு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம். மணி அடித்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், கூட்டத்தோடு கூட்டமாக அவளும் போய்விடலாம், சாப்பிட்டு வந்தால் இந்தக் குவியல் இங்கே இருக்காது, இருந்த இடம் வெள்ளை மேசையாக இருக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பதின்மூன்று. அடுத்ததை இழுத்தாள், விரித்தாள், அதன் கழுத்து தோள் எதையும் பார்க்கவில்லை, அப்படியே வலது பக்கம் வைத்தாள். இருநூற்றுப் பதினாலு. அடுத்ததை இழுக்கப் போன கை பாதி வழியில் நின்றது. ஏன் நின்றது என்று யாராவது கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கை களைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் பார்த்தால் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மேசையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக்கொண்டாள். தூணுக்குப் போனாள். தொடக் கூடாத அந்த உறையை ஆணியிலிருந்து கழற்றினாள். அது அவள் நினைத்ததைவிட லேசாக இருந்தது.

"என்னங்க கமாக்கா, மணி அடிக்கறதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்? சோறு ஆறிடுமா?" என்றார் மோகனசுந்தரம். பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் ஹேமலதாவும் அவரும் லிஸ்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் அவள் கையில் இருப்பதைப் பார்த்தார். "ஏனுங்க, சாம்பிளை யாரு எடுக்கச் சொன்னது உங்களை?" கருணாம்பாள் ஹேமலதா பக்கம் திரும்பினாள். "ஹேமாக் கண்ணு, கமா மாறியிருக்குது," என்றாள். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சத்தமாகச் சிரித்தார்கள். "ஆரம்பிச்சுட்டாங்கப்பா," என்றார் மோகனசுந்தரம். அவள் இரண்டு சட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு விரலை இதிலும் ஒரு விரலை அதிலும் வைத்தாள். விரல்களை எடுக்கவில்லை. ஹேமலதா குனிந்தாள். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு மறுபடி குனிந்தாள். ஒட்டிய பெட்டி ஒன்றைக் கிழித்து ஒரு சட்டையை உருவினாள், இன்னொன்றை உருவினாள். "ரெண்டும் ஒண்ணுதானுங்க மேடம்," என்றார் மோகனசுந்தரம், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சிஸ்டர்ஸ் கிளப். சத்தமாப் படிச்சுப் பாருங்க. என்ன வித்தியாசம்?" "சத்தத்துல இல்லீங்க," என்றாள் கருணாம்பாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது, இது பெட்டியிலிருந்து வந்த குரல் இல்லை. "அங்க இருந்தா அக்கா தங்கச்சி எத்தனை பேரோ அத்தனை பேரும் இருக்கறாங்க. இங்க வந்துட்டா ஒருத்திதான். மத்தவளை எடுத்துப் போட்டாச்சு." யாரும் சிரிக்கவில்லை. ஹேமலதா ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டே, "எப்பங்கம்மா பாத்தீங்க? இப்பவா?" என்றாள். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது; அந்தப் பெண் நல்லவள், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமாங்க என்றால் முடிந்தது. கருணாம்பாளின் உதடு அந்தச் சொல்லுக்குக் குவியவும் செய்தது. "இல்ல கண்ணு. டீக்கு முன்னாலயே பாத்தேன், பத்து முப்பத்தஞ்சுக்கு. அதுக்கப்புறம் இருநூத்திப் பதினாலு உட்டுட்டேன்." "தெரிஞ்சேவா?" என்றார் மோகனசுந்தரம். "தெரிஞ்சேதானுங்க." அவர் அவளைப் பார்த்தார். கோபம் இருந்தது, அதோடு வேறு ஏதோவும் இருந்தது, அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. "திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல வந்து பாருங்க," என்றார். கமாக்கா என்று சொல்லவில்லை.

ஹேமலதா ஃபோனில் வேனை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. எல்லோரும் சோற்றுத் தூக்குப் போசிகளை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். அவர்கள் போன பிறகு பேக்கிங் ஆட்கள் பெட்டிகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் மேசைக்கு முன்னால் அடுக்கினார்கள், முகத்தைப் பார்க்காமல். திங்கட்கிழமை என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பசித்தது. சிந்தாமணி மட்டும் போகாமல் நின்றாள். "ஏனுங்க்கா, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? பாத்தேன், உட்டுட்டேன்னு நீங்களே ஏன் சொல்லோணும்? வாங்க, சோறுண்டுட்டு வந்து பாத்துக்கலாம்." "நீ போ சாமி. நான் கொஞ்சம் பாத்துட்டு வர்றேன்." கருணாம்பாள் உட்கார்ந்து, முதல் பெட்டியின் டேப்பைக் கிழித்தாள். ஒரு சட்டையை உருவி, உதறி, விரித்தாள். ஆருக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் இருந்தது. எடுத்து இடது பக்கம் வைத்தாள். பதினோரு வருஷத்தில் அவள் எண்ணியதை வேறு யாரும் கேட்டதில்லை, உதடுகூட அசையாது. "ஒண்ணு," என்றாள். படிப் பக்கம் நடந்த சிந்தாமணி திரும்பிப் பார்த்தாள். கருணாம்பாள் அடுத்ததை எடுத்தாள். விரித்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவி, அதையும் இடது பக்கம் வைத்தாள்.

"ரெண்டு," என்றாள், கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி.